மலையேறும் பழைய வண்டியும் அதன் வெப்பக்காவலனும்

போடிநாயக்கனூருக்கு மேற்கே முந்தல் அடிவாரத்தைக் கடந்து செல்லும் சாலை, 17 கொண்டையூசி வளைவுகளாய்ச் சுற்றியேறிப் போடிமெட்டை அடைகின்றது. ஊர் கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 350 மீட்டர் உயரத்திலும், மெட்டு ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரத்திலும் உள்ளன. மெட்டுக்கு அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை முதலிய இடங்களில் ஏலத்தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. அத்தோட்டங்களுக்குத் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளுள் ஆண்டு முதிர்ந்தன பல. அத்தகைய வண்டியொன்று நடுவளைவில் ஆவி கக்கி நிற்குமாயின், கெடுவது ஓட்டுநரின் பொழுது மட்டுமன்று. உள்ளிருப்போர் அனைவருடைய ஒரு நாட் கூலியும் அதனோடு ஆவியாய்ப் போகின்றது. ஆதலின் பழைய வண்டியின் எஞ்சினை எவ்வளவு வெப்பத்தில் வைத்தல் வேண்டும் என்னும் வினா, பட்டறையோடு ஒழிவதன்று. தமிழ் பயில்வானுக்கு இதனில் என்ன வேலை என்பார்க்கு, மக்கள் வாழ்வுக்கு வேண்டும் அறிவு எதுவும் தமிழுக்குப் புறம்பன்று என்பதே எமது விடை.

எஞ்சினுள் எரிபொருள் எரிவதால் எழும் வெப்பத்தின் ஒரு பகுதியை நீர் ஏந்திச் சென்று ரேடியேட்டரிலே காற்றுக்குக் கொடுத்துத் திரும்புகின்றது. இந்நீர் செல்லும் வழியில் ஒரு சிறு வாயில் உண்டு. பட்டறையார் அதனைத் தெர்மோஸ்டாட் என்பர். யாம் ஈண்டு வெப்பக்காவலன் என வழங்குவாம். அதன் வயிற்றிலே மெழுகு அடைக்கப்பட்டிருக்கும். நீர் குறித்த வெப்பத்தை அடைந்தவுடன் மெழுகு உருகி விரிந்து வாயிலைத் தள்ளித் திறக்கும்; நீர் குளிர்ந்தால் மெழுகு சுருங்க, வில் வாயிலை மூடும். காவலன்மேற் பொறிக்கப்பட்டிருக்கும் 71, 82, 88 முதலிய எண்கள், வாயில் திறக்கத் தொடங்கும் வெப்பத்தைச் செல்சியஸ் அளவில் குறிப்பன. முற்றுந் திறப்பதற்கு மேலும் 10 முதல் 15 டிகிரி வேண்டும்.

இங்கே பலர் மயங்கும் இடம் ஒன்று உண்டு. காவலன் எஞ்சினுடைய வெப்பத்தின் கீழெல்லையை வகுப்பதேயன்றி மேலெல்லையை வகுப்பதன்று. வண்டி பாரமேற்றிச் செங்குத்தாய் ஏறுங்கால், 71 டிகிரிக் காவலனும் 82 டிகிரிக் காவலனும் ஒருங்கே முற்றுந் திறந்துவிடும். அதன்பின் வெப்பம் எங்கே நிற்கும் என்பதை ரேடியேட்டரின் ஆற்றலே முடிவு செய்யும். உப்பு நீரால் உட்குழாய்கள் அடைபட்டும், சேற்றால் தகடுகள் தூர்ந்தும், விசிறிப் பட்டை தளர்ந்தும் இருக்குமாயின், எண் குறைந்த காவலனை மாட்டுவதாற் கிடைப்பது சில நிமிடத் தாமதமே, நோய் தீராது.

அற்றேல், எந்த எண்ணாயினும் ஒக்குமோ எனின், ஒவ்வாது. மலையின் உயரமே அதற்குக் காரணம். கடல் மட்டத்தில் நீர் 100 டிகிரியிற் கொதிக்கும். மேலேறுந்தோறும் காற்றின் அழுத்தம் குறைதலின், போடிமெட்டின் உயரத்தில் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். 88 டிகிரிக் காவலன் முற்றுந் திறக்க 98 டிகிரிக்கு மேல் வேண்டும். அழுத்தங் காவாத மூடியுடைய வண்டியில் அதனை மாட்டினால், வாயில் முற்றுந் திறக்குமுன் நீர் கொதித்துப் பொங்கும். 82 டிகிரிக் காவலனும் அங்கே விளிம்பில் நிற்பதே. 71 டிகிரிக் காவலனோ 86 டிகிரிக்குள் முற்றுந் திறந்து, கொதிநிலைக்குக் கீழே போதிய இடைவெளி விடும். அழுத்த மூடி பரவுவதற்கு முன் செய்யப்பட்ட வண்டிகளுக்குக் குறைந்த எண் விதிக்கப்பட்டதன் காரணங்களுள் இஃதொன்று. குளிர்நாடுகளில் நீர் உறையாதிருக்க அக்காலத்தே சாராயங் கலந்தமை மற்றொன்று. சாராயம் 78 டிகிரியிற் கொதித்து ஆவியாகிவிடுமன்றோ?

இனி, அழுத்த மூடியுடைய வண்டியைக் காண்பாம். சதுர அங்குலத்திற்கு 7 பவுண்டு அழுத்தந் தாங்கும் மூடி பழுதின்றி இருப்பின், மெட்டின் உயரத்திலும் நீர் ஏறக்குறைய 108 டிகிரி வரை கொதியாது. அத்தகைய வண்டிக்கு 82 டிகிரிக் காவலன் அச்சமின்றிப் பொருந்தும். ஆகவே காவலனைத் தேருமுன் மூடியைத் தேர்ந்தறிதல் வேண்டும். மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால், பெயரளவில் அழுத்த மூடி உடையதாயினும் அவ்வண்டி திறந்த பாத்திரமே. புதிய வண்டிகளில் 88 டிகிரிக்கு மேற்பட்ட காவலனைக் கண்டு, அதுவே மேம்பட்டதென்று பழைய வண்டிக்கு வாங்குதல் தவறு. எரிபொருட் சிக்கனமும் புகைக் குறைவும் கருதி வகுக்கப்பட்ட அவ்வெண், அதிக அழுத்தந் தாங்கும் மூடியையும் குழாய்களையும் துணையாகக் கொண்டது.

காவலனையே கழற்றி எறிந்து ஓட்டுவாரும் உளர். இது நோயினும் கொடிய மருந்து. மெட்டிலிருந்து இறங்குங்கால் எஞ்சினுக்கு உழைப்பில்லை. பனிக்காற்றோ முகத்தில் அறையும். வாயில் இல்லாத எஞ்சின் அப்போது மிகக் குளிர்ந்துவிடும். குளிர்ந்த டீசல் எஞ்சினில் எரிபொருள் முற்றும் எரியாது வெண்புகை எழும். எரியாத எரிபொருள் எண்ணெயிற் கலந்து அதன் பசையைக் கெடுக்கும். உருளைகள் விரைவிலே தேயும். அன்றியும், சில எஞ்சின்களில் காவலன் திறக்கும்போதே புறவழியொன்றை அடைக்கும். அங்கே காவலனைக் கழற்றினால், நீரின் ஒரு பகுதி ரேடியேட்டரை அணுகாமலே சுற்றி, ஏற்றத்தில் வெப்பம் முன்னினும் மிகும்.

காவலனைச் சோதித்தல் எளிது. ஒரு பாத்திர நீரில் அதனை நூலாற் கட்டி, அடியில் தொடாதபடி தொங்கவிட்டு, பக்கத்தே வெப்பமானி வைத்துச் சூடேற்றுக. பொறித்த எண்ணுக்கு அணித்தே திறக்கத் தொடங்கி, நீர் ஆறியபின் முற்றும் மூடுமாயின் நன்று, அன்றேல் மாற்றுக. மாட்டும்போது மெழுகுக் குமிழ் எஞ்சினை நோக்கியிருத்தல் வேண்டும். காற்றுப் போகும் சிறு துளை உடையதாயின் அது மேற்புறம் அமைதல் வேண்டும்.

ஏற்றத்தில் முள் உயரக் கண்டால், கீழ்க் கியருக்கு மாறுக. எஞ்சின் விரைந்து சுழல, விசிறியும் நீரேற்றியும் விரைந்து சுழலும். கொதித்துவிட்டாலோ ஓரத்தில் நிறுத்தி ஆறவிடுக. சூடாயிருக்கும்போது மூடியைத் திறத்தல் கூடவே கூடாது. அழுத்தம் நீங்கியவுடன் உள்நீர் ஒருங்கே ஆவியாய்ப் பாய்ந்து முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். காய்ந்த எஞ்சினிற் குளிர்நீரைக் கொட்டுவதும் ஆகாது, இரும்பு வெடிக்கும்.

இதுகாறுங் கூறியவற்றின் தொகை இதுவே: வண்டி செய்தோர் வகுத்த எண்ணை முதற்கண் மதித்தல் வேண்டும், மூடி அழுத்தங் காக்குமாயின் 82, காவாத பழைய அமைப்பாயின் 71 என்பது எமது மலைக்குப் பொருந்தும் வழி. காவலனை நீக்குதல் எக்காலத்தும் வழியன்று. எண் சரியாயிருந்தும் வெப்பம் ஏறுமாயின் ரேடியேட்டரை நோக்குக. நாற்பது ரூபாய்க் கூலி முதல் நானூறு ரூபாய்க் கூலி வரை கண்ட பழைய வண்டிகள் இம்மலையில் இன்னும் ஓடுகின்றன. அவற்றை நம்பி ஏறுவோர் உரிய வேளையில் தோட்டம் சேர்தல், உள்ளங்கையில் அடங்கும் இச்சிறு காவலனையும் பொறுத்தது.