தாளில் பிறந்த உல்லாசக் கப்பல்கள்

லண்டன் நகரின் நடுவே தேம்ஸ் நதி ஓடுகிறது. விக்டோரியா மகாராணி ஆண்ட காலத்தில் (1837–1901), கோடை வந்துவிட்டால் அந்த நதிக்கரையில் கூட்டம் அலைமோதும். சாப்பாட்டுக் கூடையும் குழந்தைகளுமாகக் குடும்பங்கள் வந்து நிற்கும். எல்லோரும் உல்லாசக் கப்பலில் ஏறக் காத்திருப்பார்கள்.

காலையில் புறப்பட்டு, ஊர்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இரவில் வீடு திரும்பலாம். கப்பலின் இரண்டு பக்கமும் பெரிய சக்கரங்கள் இருக்கும். நீராவி எஞ்சின் அவற்றைச் சுழற்றும். சக்கரத்தில் உள்ள பலகைகள் தண்ணீரைத் தள்ளும். கப்பல் ஓடும்.

இந்தக் கப்பல்கள் முதலில் பிறந்தது தண்ணீரில் அல்ல, தாளில்!

ஓர் அடிக்குக் கால் அங்குலம்

கப்பல் கட்டும் இடத்தில், படம் வரைபவர்களுக்குத் தனி அறை உண்டு. கப்பலின் ஓர் அடிக்குத் தாளில் கால் அங்குலம் என்று கணக்கு வைத்து வரைவார்கள். 219 அடி நீளக் கப்பலுக்குச் சுமார் நாலரை அடி நீளப் படம் வேண்டும்.

பக்கத்தில் இருந்து பார்த்தால் எப்படி இருக்கும், மேலே இருந்து பார்த்தால் எப்படி இருக்கும், குறுக்கே வெட்டினால் எப்படி இருக்கும் என்று மூன்று விதமாக வரைவார்கள். வளைந்த கோடு போட, மெல்லிய மரச் சட்டத்தை வளைப்பார்கள். அது நகராமல் இருக்க ஈயக் கட்டிகளை வைப்பார்கள். இரும்புக்கு நீலம், பித்தளைக்கு மஞ்சள் என்று வர்ணமும் தீட்டுவார்கள்.

பிறகு ஒரு பெரிய கூடத்தின் தரையில், அதே கோடுகளைக் கப்பலின் முழு அளவுக்கு வரைவார்கள். அந்த அளவைக் கொண்டே இரும்புச் சட்டங்களை வளைப்பார்கள்.

ஒல்லியான உடம்பு

கப்பல் வேகமாகப் போக வேண்டும். அதனால் உடம்பை ஒல்லியாக வரைந்தார்கள். நதித் துறைகளில் ஆழம் குறைவு. அதனால் கப்பலின் அடிப்பாகம் தண்ணீரில் அதிகம் இறங்காதபடி அமைத்தார்கள். படத்தில் எஞ்சினுக்கு இடம் உண்டு, உணவறைக்கு இடம் உண்டு. ஏறுகிற எல்லோரும் தப்பிக்கப் போதுமான படகுகளுக்கு மட்டும் இடம் இல்லை!

நாலே நிமிஷம்

"பிரின்சஸ் அலைஸ்" என்ற கப்பல் 1865-ல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்டது. நீளம் 219 அடி. அகலமோ 20 அடிதான். லண்டனுக்கும் கிரேவ்சென்ட் ஊருக்கும் இடையே 936 பேர் வரை ஏற்றிச்செல்ல அனுமதி இருந்தது.

1878 செப்டம்பர் 3-ந் தேதி, இருட்டுகிற நேரம். உல்லாசப் பயணம் முடிந்து, கப்பல் லண்டனுக்குத் திரும்பிக்கொண்டு இருந்தது. எதிரே "பைவெல் காசில்" என்ற பெரிய சரக்குக் கப்பல் வந்தது. அது சக்கரத்துக்குச் சற்று முன்னால் மோதியது. ஒல்லியான உடம்பு பிளந்தது. நாலே நிமிஷத்தில் கப்பல் மூழ்கியது. 600-க்கும் மேற்பட்டவர்கள் பலியானார்கள். குடும்பம் குடும்பமாக இறந்தவர்கள் பலர்.

விசாரணை நடந்தது. "கப்பல் நல்ல நிலையில்தான் இருந்தது. ஆனால் ஆட்களை அதிகமாக ஏற்றிவிட்டார்கள். உயிர் காக்கும் சாதனங்கள் போதாது" என்று ஜூரிகள் முடிவு கூறினார்கள்.

படங்கள் இருக்கின்றன

அதே 1878-ல் ஸ்காட்லாந்தில் "கொலம்பா" என்ற அழகிய கப்பல் ஓடத் தொடங்கியது. நீளம் 301 அடி. உள்ளே ஒரு தபால் நிலையமே இருந்தது! 1936-ல் அதையும் உடைத்துவிட்டார்கள்.

அந்தக் காலத்துக் கப்பல்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. ஆனால், தேம்ஸ் கரையில் கிரீனிச்சில் உள்ள கடல் காட்சிசாலையிலும், கிளாஸ்கோ நகரிலும் பழைய கப்பல் படங்களைப் பாதுகாத்து வருகிறார்கள்.

தேம்ஸ் விபத்தின் பாடம் எளிதில் மனதில் ஏறவில்லை. 1912-ல் "டைட்டானிக்" மூழ்கியபோதும் படகுகள் போதவில்லை. அதன் பிறகுதான், கடலில் செல்லும் கப்பல்களில் எல்லோருக்கும் படகு வேண்டும் என்று நாடுகள் கூடி முடிவு செய்தன.

கப்பலில் ஏறும் கடைசிக் குழந்தைக்கும் படகில் இடம் உண்டா? படம் வரைபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.