வாங்கிய கையோடு வீட்டை விற்றால் லாபமா?

தேசிய சேவையை முடித்துவிட்டுப் பல்கலைக்கழகம் தொடங்கக் காத்திருக்கும் என் நண்பனிடம் சேமிப்பாக 9,000 வெள்ளி இருக்கிறது. அதில் 3,000 வெள்ளியைக் கட்டி ஒரு பயிற்சியில் சேரப்போவதாக, தேக்கா நிலைய உணவங்காடியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னான்.

“வீடு வாங்கி விக்கிற பயிற்சி. நம்ம காசே தேவையில்லடா. அடுத்தவங்க வீடு, அடுத்தவங்க காசு. நாம நடுவுல நின்னா போதும்.”

அவன் கைப்பேசியில் காட்டிய காணொளிகளை நானும் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவில் ஓர் இளைஞர் இடிந்து கிடக்கும் வீட்டைச் சாவியால் திறப்பார். அடுத்த நொடியில் அதே வீடு பளபளக்கும். கீழே லாபத் தொகை ஓடும். மலிவாக வாங்கி, புதுப்பித்து, உடனே விற்கும் இந்த முறையை அங்கு ‘ஃபிளிப்பிங்’ என்கிறார்கள். ‘ஹோல்சேலிங்’ என்பது அதைவிடச் சுலபமாகத் தோன்றும். பணநெருக்கடியில் உள்ள ஒரு வீட்டுக்காரரிடம் குறைந்த விலைக்கு ஒப்பந்தம் போட வேண்டும். வீட்டை வாங்காமல், அந்த ஒப்பந்தத்தை மட்டும் வேறொருவருக்குக் கைமாற்றி, இடையில் உள்ள தொகையை எடுத்துக்கொள்ள வேண்டும்.

பணம் கட்டுவதற்கு முன் இலவச அறிமுகக் கூட்டத்துக்காவது போய்ப் பார்க்கலாம் என்று இருவரும் போனோம். ஒரு ஹோட்டல் அறை. எங்களைப் போன்ற வயதில் பலர், அவர்களில் தமிழ் முகங்களும் கணிசம். இரண்டு மணி நேரம் கார், கடற்கரை, சுதந்திர வாழ்க்கை பற்றியே பேச்சு. கடைசிப் பத்து நிமிடத்தில் கட்டணம் வந்தது, இன்றிரவு சேர்ந்தால் மட்டும் கழிவு என்ற நிபந்தனையோடு. சிங்கப்பூரின் முத்திரை வரி பற்றி ஒரு வார்த்தைகூட வரவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. அன்றிரவே நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தோம்.

ஒரு சிங்கப்பூரர் தம் முதல் வீடாக 1.2 மில்லியன் வெள்ளிக்குக் கூட்டுரிமை வீடு ஒன்றை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்தே மாதத்தில் அதை 1.32 மில்லியனுக்கு விற்றுவிடுகிறார். 120,000 வெள்ளி லாபம் என்று காணொளி சொல்லும். ஆனால் வாங்கும்போதே வாங்குபவர் முத்திரை வரி 32,600 வெள்ளி. ஓராண்டுக்குள் விற்பதால் விற்பவர் முத்திரை வரி 16 விழுக்காடு. அது லாபத்தின்மீது அல்ல, விற்கும் விலையின்மீது. ஆக 211,200 வெள்ளி. முகவருக்கு 2 விழுக்காடு கொடுத்தால் இன்னொரு 26,400. கூட்டிக் கழித்தால் கையைவிட்டுப் போவது 150,200 வெள்ளி. புதுப்பிப்புச் செலவு, கடன் வட்டி, வழக்கறிஞர் கட்டணம் எதையும் நாங்கள் இன்னும் சேர்க்கவே இல்லை.

அதுவே அவருடைய இரண்டாவது வீடு என்றால், 2023 ஏப்ரல் 27 முதல் நடப்பில் உள்ள விகிதப்படி கூடுதலாக 20 விழுக்காடு, அதாவது 240,000 வெள்ளி. வெளிநாட்டவருக்கு அந்தக் கூடுதல் வரி 60 விழுக்காடு.

நண்பன் கணிப்பொறியை இரண்டு முறை தட்டிப் பார்த்தான்.

இந்த வரிகள் தற்செயலாக வந்தவை அல்ல. 1990களின் நடுவில் தனியார் வீட்டு விலை விறுவிறுவென ஏறியபோது, கட்டி முடிக்காத வீட்டை வாங்கி, முடிவதற்குள் விற்று லாபம் பார்த்தவர்கள் இங்கும் இருந்தார்கள். 1996 மே மாதம் அரசாங்கம் தலையிட்டு, மூன்று ஆண்டுக்குள் விற்றுக் கிடைக்கும் லாபத்துக்கு வரி விதித்தது. ஆசிய நிதி நெருக்கடிக்குப் பின் அந்தக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. மீண்டும் விலை சூடுபிடிக்க, 2010 பிப்ரவரியில் விற்பவர் முத்திரை வரி வந்தது. அப்போது ஓராண்டுக்குள் விற்றால்தான் வரி. அதே ஆண்டு ஆகஸ்டில் அது மூன்று ஆண்டானது, 2011 ஜனவரியில் நான்கு ஆண்டு. 2017ல் மூன்றாகக் குறைந்தது. 2025 ஜூலை 4 முதல் மறுபடியும் நான்கு ஆண்டு: 16, 12, 8, 4 விழுக்காடு எனப் படிப்படியாக இறங்கும். கட்டி முடிக்காத வீடுகளைக் குறுகிய காலத்தில் கைமாற்றுவது அதிகரித்ததையே அதிகாரிகள் காரணமாகக் கூறினர். ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக, வாங்கிய கையோடு விற்பவர்கள் ஒரு வழி கண்டுபிடிக்கும்போதெல்லாம் அரசாங்கம் அந்த வழியை அடைத்து வந்திருக்கிறது என்றுதான் எனக்குப் புரிகிறது.

நான்கு ஆண்டு காத்திருந்து விற்பவர்களும் இருக்கிறார்கள். அடிக்கடி அப்படிச் செய்தால் உள்நாட்டு வருவாய் ஆணையம் அதை வியாபாரமாகக் கருதி, லாபத்துக்கு வருமான வரி விதிக்கலாம்.

“சரி, வீவக வீடு?” என்றான் நண்பன்.

அங்கு கதவு இன்னும் இறுக்கம். வாங்கியவர் குறைந்தது ஐந்து ஆண்டு அதில் வசித்திருக்க வேண்டும். பிளஸ், பிரைம் வகை வீடுகளுக்குப் பத்து ஆண்டு. மணமாகாத ஒருவர் தனியாக வாங்க 35 வயதாக வேண்டும். இடித்துக் கட்டி மதிப்பைக் கூட்டலாம் என்ற காணொளி யோசனையும் இங்கு அவ்வளவாகப் பலிக்காது. பதிவுபெற்ற புதுப்பிப்பாளரைத்தான் அமர்த்த வேண்டும். சுவர் உடைக்கும் வேலையைச் சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் செய்யக் கூடாது. புதிய வீடு என்றால் முதல் மூன்று ஆண்டுக்குக் குளியலறைத் தரை ஓட்டைக்கூடப் பெயர்க்க முடியாது. (எங்கள் வீட்டில் அந்த ஓட்டின் நிறம் பிடிக்காமல் அம்மா மூன்று ஆண்டு முணுமுணுத்தது தனிக் கதை.)

ஒப்பந்தத்தைக் கைமாற்றுவது பற்றிச் சொத்து முகவராக இருக்கும் என் சித்தப்பாவிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். வீவக மறுவிற்பனை வீட்டுக்கு ‘ஆப்ஷன்’ எனப்படும் வாங்கும் உரிமையைப் பெற 1,000 வெள்ளிவரைதான் கொடுக்க வேண்டும், அது 21 நாள் செல்லுபடியாகும். கேட்க மலிவுதான். ஆனால் அதைப் பெறுவதற்கு முன்பே வாங்குபவர் தம் பெயரில் வீவகவின் தகுதிக் கடிதம் வைத்திருக்க வேண்டும், உரிமையை இன்னொருவர் பெயருக்கு மாற்றவும் முடியாது. தனியார் வீட்டில் பொதுவாக 1 விழுக்காடு கட்டி ஆப்ஷன் வாங்குகிறார்கள். 1.2 மில்லியன் வீட்டுக்கு 12,000 வெள்ளி. சுமார் இரு வாரத்துக்குள் அடுத்த ஆள் கிடைக்காவிட்டால் அந்தப் பணம் விற்பவருக்குப் போய்விடும். நண்பனின் மொத்தச் சேமிப்பும் அதற்கே போதாது.

“வாங்க ஆள் இருக்கு, விக்க ஆள் இருக்கு, சேத்து வெச்சுக் காசு வாங்குறேன்னு கெளம்பினா, அது முகவர் வேலை. அதுக்குப் பதிவு வேணும்,” என்றார் சித்தப்பா. 2010ல் இயற்றப்பட்ட சட்டப்படி, பதிவு இல்லாமல் அந்த வேலையைச் செய்பவருக்கு 25,000 வெள்ளிவரை அபராதமோ 12 மாதம்வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். பதிவுபெற்ற முகவரும் வீடு விற்பனைக்கான பணத்தைக் கையில் வாங்கக் கூடாது.

எனக்கு இதில் முக்கியமாகப் பட்டது வேறு ஒன்று. ஒப்பந்தம் கைமாறும் வியாபாரத்தில் லாபம் எங்கிருந்து வருகிறது? தன் வீட்டின் உண்மையான மதிப்பு தெரியாத, அல்லது தெரிந்தும் காத்திருக்க முடியாத ஒருவரிடமிருந்து. அந்த ஒருவர் என் அத்தையாக இருந்திருக்கலாம்.

அத்தை தம் வீட்டை விற்க முயன்றபோது அவருடைய புளோக்கில் சீனர்களுக்கான விகிதம் ஏற்கெனவே நிறைந்திருந்தது. 1989 முதல் நடப்பில் உள்ள இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி, அத்தகைய புளோக்கில் இந்தியர் ஒருவர் சீனருக்கு வீட்டை விற்க முடியாது. வாங்கக்கூடியவர்களின் எண்ணிக்கை சட்டென்று சுருங்கிவிடும். கொள்கையின் நோக்கத்தை நான் குறைசொல்லவில்லை. என் பள்ளித் தோழர்கள் பல இனத்தவராக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அதன் சுமை சிறுபான்மையினர்மீது கூடுதலாக விழுகிறது என்பதும் உண்மை. இப்படிச் சிக்கிக்கொள்ளும் உரிமையாளர்களில் தகுதியுள்ளோரின் வீட்டைத் தானே வாங்கிக்கொள்ளும் உதவியை வீவக 2022ல் அறிவித்தது.

மாதக்கணக்கில் வீடு விற்காமல் கிடந்த நேரத்தில், அறிந்தவர் ஒருவர் வந்து, “இந்த விலைக்கு எழுதிக் குடுங்கக்கா, நான் ஆள் பிடிச்சுத் தர்றேன்,” என்றாராம். அவர் சொன்னது, அதே வட்டாரத்தில் அண்மையில் விற்ற வீடுகளைவிட 40,000 வெள்ளி குறைவான விலை. அத்தை சொத்து முகவைகள் மன்றத்தின் இணையப் பதிவேட்டில் தேடினார். அந்தப் பெயரே இல்லை. அத்தை எழுதிக் கொடுக்கவில்லை, இன்னும் நான்கு மாதம் காத்திருந்து விற்றார். அந்த மனிதர் காணொளி பார்த்துக் கற்றுக்கொண்டாரா என்று தெரியாது. முறை என்னவோ அதேதான்.

அமெரிக்காவிலும் இது கேள்விக்குள்ளாகியிருக்கிறது. இலினாய் மாநிலம் 2019ல் சட்டத்தைத் திருத்தி, ஒப்பந்தங்களைத் திரும்பத் திரும்பக் கைமாற்றுவோர் உரிமம் பெற வேண்டும் என்றது. வாங்கி விற்பதும் காணொளியில் தெரிவதுபோல் எளிதல்ல. கோடிக்கணக்கான வீடுகளின் விலைத் தரவைக் கையில் வைத்திருந்த ஸில்லோ நிறுவனமே 2021ன் மூன்றாம் காலாண்டில், வாங்கிக் குவித்த வீடுகளின் மதிப்பை 304 மில்லியன் அமெரிக்க டாலர் குறைத்து எழுத நேர்ந்தது. அந்த நவம்பரிலேயே அத்தொழிலை மூடுவதாக அறிவித்து, ஊழியர்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேரைக் குறைத்தது.

கூட்டம் முடிந்த மறுவாரம் கேம்பல் லேன் வழியாக நடந்தபோது, கடைவீடுகளைக் காட்டி நண்பன் கேட்டான்: “இதுக்கு அந்த வரி கிடையாதாமே?” உண்மைதான். முழுக்க வர்த்தகப் பயன்பாட்டுக்கான கடைவீட்டுக்கு விற்பவர் முத்திரை வரி இல்லை. ஆனால் விலை பல மில்லியன். விற்பவர் பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்தவராக இருந்தால் அதற்குமேல் 9 விழுக்காடு. லிட்டில் இந்தியா 1989 ஜூலையில் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. முகப்பையோ மரச் சன்னலையோ கூரை ஓட்டையோ மாற்ற நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் அனுமதி வேண்டும்.

உண்மையிலேயே இத்துறையில் ஆர்வம் இருப்பவர்களுக்கு 3,000 வெள்ளி இல்லாமலே நிறைய கிடைக்கிறது. 1990 முதலான வீவக மறுவிற்பனை விலைகள் அனைத்தும் அரசாங்கத்தின் தரவுத் தளத்தில் இலவசம். புள்ளியியல் படிக்கும் மாணவர்களுக்கு நல்ல பயிற்சிக் களம். 21 வயதானதும், ‘ஓ’ நிலையில் நான்கு பாடங்களில் தேர்ச்சி இருந்தால், உரிய பாடத்தை முடித்து முகவர் தேர்வு எழுதலாம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் சொத்துத் துறையை முறையாகவே படிக்கலாம்.

நண்பன் பயிற்சியில் சேரவில்லை. அந்தத் தரவைத் தரவிறக்கம் செய்து, தான் பிறந்ததிலிருந்து தன் புளோக்கில் விற்ற வீடுகளின் விலையை வரைபடமாக்கிக்கொண்டிருக்கிறான். ஆசை முழுதாக விட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. போன வாரம், ஜோகூர் பாருவில் வாங்கி விற்றால் என்ன என்று கேட்டான். ஜோகூரில் வெளிநாட்டவர் வாங்கப் பொதுவாகக் குறைந்தபட்ச விலை 1 மில்லியன் ரிங்கிட் என்றேன். “அதுக்கு ஒரு கணக்குப் போடுவோம்,” என்று மறுபடியும் கணிப்பொறியை எடுத்தான்.