உயரத்தில் தங்கும் ஆற்றல்

மதுரை மாநகருக்கு வடமேற்கே, திண்டுக்கல் செல்லும் சாலையில், வைகையின் வடகரைச் சமவெளியில் அமைந்த ஊர் பரவை. மலையிலிருந்து விரைந்து இறங்கிய நீர், இவ்வூரின் பக்கம் வருங்கால் ஆரவாரம் அடங்கி, மெல்லச் செல்கிறது. மலையில் அந்நீருக்கு இருந்த வலிமை எங்கிருந்து வந்தது? சமவெளியில் அது எங்கே போயிற்று? இவ்வினாக்களுக்கு விடை காண, ஆற்றலின் இருவகை நிலைகளை அறிதல் வேண்டும்.

வேலை செய்யும் திறமே ஆற்றல் எனப்படும். நெல் குத்துவோர் உலக்கையை மேலே தூக்குகின்றனர். அவர்தம் கைகள் செய்த வேலை வீணாவதில்லை. உயர்ந்து நிற்கும் உலக்கையில் அது சேமித்து வைக்கப்படுகிறது. ஒரு பொருள் தான் இருக்கும் நிலையினால் பெற்றுள்ள இவ்வாற்றலை நிலையாற்றல் என்பர். உலக்கை கனமாக இருப்பின் நிலையாற்றல் மிகும்; உயரம் கூடினாலும் மிகும். உலக்கை கீழே இறங்கும்போது உயரம் குறைகிறது, வேகம் வளர்கிறது. இழந்த நிலையாற்றல் இயக்க ஆற்றலாக மாறுகிறது. அதுவே நெல்லின் உமியை நீக்குகிறது.

இயக்க ஆற்றல் வேகத்தைப் பொறுத்து எவ்வாறு வளர்கிறது? பதினெட்டாம் நூற்றாண்டில் ஹாலந்து நாட்டு அறிஞர் கிராவசாண்டே என்பார், பித்தளைக் குண்டுகளை மென்மையான களிமண்ணின்மேல் விழச்செய்து ஆராய்ந்தார். குண்டின் வேகம் இருமடங்கானபோது, களிமண்ணில் உண்டான பள்ளம் நான்கு மடங்காயிற்று. பிரான்சு நாட்டுப் பெண் அறிஞர் எமிலி து சாத்தலே இதன் சிறப்பை உணர்ந்து உலகிற்கு எடுத்துரைத்தார். வேகம் இருமடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது இதனால் தெளிவாயிற்று.

இவ்வுண்மை சாலையில் செல்வோர் உயிரைக் காப்பதாகும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பேருந்து, பிரேக்கை அழுத்தியபின் சிறிது தூரம் ஓடி நிற்கும். அதே பேருந்து 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், நிற்பதற்கு அதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு தூரம் தேவைப்படும். நெடுஞ்சாலையைக் கடக்கும் சிறுவர், வண்டி தொலைவில்தானே வருகிறது என்று எண்ணி ஓடலாகாது என்பதன் காரணம் இதுவே.

இனி, வைகைக்கு வரும் நீரைக் காண்போம். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சத்தில் மதுரைச் சீமையும் பெருந்துன்பம் உற்றது. மலைக்கு அப்பால் பெரியாறு மேற்கு நோக்கிப் பாய்ந்து அரபிக் கடலில் கலந்தது; இப்பால் வயல்கள் வறண்டு கிடந்தன. பொறியாளர் பென்னிகுயிக் பெரியாற்றின் குறுக்கே அணை எழுப்பும் பணியை நடத்தினார். 1887ஆம் ஆண்டு தொடங்கிய அப்பணி, 1895ஆம் ஆண்டு நிறைவுற்றது. தேக்கிய நீர் மலையைக் குடைந்த வழியாகக் கிழக்கே திருப்பப்பட்டு, வைகையுடன் சேரலாயிற்று.

அந்நீர் மலையுச்சியிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. நெடுங்காலம் அதன் நிலையாற்றல் பாறைகளில் மோதியே கழிந்தது. 1950களின் இறுதியில், மலையடிவாரத்தில் லோயர் கேம்ப் என்னும் இடத்தில் மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. பெரிய இரும்புக் குழாய்களில் நீர் இறங்குங்கால், அதன் நிலையாற்றல் அழுத்தமாகவும் வேகமாகவும் மாறுகிறது. அந்நீர் சுழலியைச் சுழற்றுகிறது. சுழலி மின்னாக்கியை இயக்குகிறது. ஆற்றலைத் தந்துவிட்ட நீரோ அளவில் குறையாமல் வயலை நோக்கிச் செல்கிறது. ஒரே நீர் விளக்கையும் ஏற்றுகிறது, நெல்லையும் விளைவிக்கிறது.

இதன் அளவையும் கணக்கிடலாம். ஒரு கனமீட்டர் நீரின் நிறை 1,000 கிலோகிராம். அது 100 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்க. நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் ஆகிய மூன்றையும் பெருக்கினால், 1,000 × 9.8 × 100 = 9,80,000 ஜூல் ஆகும். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 36,00,000 ஜூல். ஆகவே, சிறிதும் இழப்பில்லை என்று வைத்துக்கொண்டாலும், ஒரு யூனிட் மின்சாரத்திற்கு அவ்வுயரத்திலிருந்து ஏறத்தாழ நான்கு கனமீட்டர் நீர் இறங்க வேண்டும். வீணாக எரியும் விளக்கின் பின்னே எவ்வளவு நீர் நிற்கிறது என்பதை இதனால் உணரலாம்.

ஆற்றல் ஆக்கப்படுவதுமில்லை, அழிக்கப்படுவதுமில்லை. அப்படியாயின், மலைமேல் நீரை ஏற்றியவர் யார்? கதிரவனே. அதன் வெப்பத்தால் கடல்நீர் ஆவியாகி, மேகமாய் உயர்ந்து, மலையில் மழையாகப் பெய்கிறது. சமவெளியில் மெல்லச் செல்லும் நீரின் ஆற்றலும் அழிந்துவிடவில்லை. வழியில் அது சுழலியை இயக்கியது; மண்ணை அரித்தது; ஒலியாயிற்று; எஞ்சியது உராய்வினால் வெப்பமாயிற்று. விழும் எடையைக் கொண்டு நீரைக் கலக்கினால் அந்நீர் சூடேறும் என்பதை 1840களில் ஆங்கில விஞ்ஞானி ஜூல் அளந்து காட்டினார்.

மதுரைச் சமவெளியின் கண்மாய்களும் இவ்விதிக்கு உட்பட்டவையே. கரைக்குள் அசைவற்றுக் கிடக்கும் நீர், வயலைவிட உயரத்தில் இருப்பதனால் நிலையாற்றல் உடையது. மடையைத் திறந்தால், அது அளவாகப் பாய்ந்து பயிரை வளர்க்கும். கரை உடைந்தாலோ, அவ்வாற்றல் முழுவதும் ஒருங்கே வெளிப்பட்டு, அதே பயிரை அழிக்கும். மழைக்காலத்தில் ஊரார் இரவிலும் கரையைக் காவல் காப்பதும், மிகுந்த நீரைக் கலிங்கின் வழியே வெளியேற்றுவதும் இதனாலேயாம். ஓசையின்றி உறங்குவதுபோல் தோன்றும் நீரில் உறையும் வலிமையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். அறிந்தமையால் அதனை அடக்கி ஆண்டனர்.