ஒரு காது கூர், மறு காது மொட்டை

மாணவர்களே, ஒரு சதுரத் தாளை எடுத்துக்கொண்டு இதைப் படிக்க உட்காருங்கள். சதுரத் தாள் கிடைக்கவில்லையா? பரவாயில்லை, ஏ4 தாள் போதும். சதுரம் செய்வதில்தான் நானே சறுக்கினேன்.

மாலையில் மழை பிடித்துக்கொண்டால் ஆயர் தாவாரில் திடல் பக்கம் போக முடியாது. அப்படியொரு நாளில், அறிவியல் கழகத்தில் படிவம் 1 மாணவர்களுக்குத் தாளில் நாய் முகம் மடிக்கக் கற்றுக்கொடுத்தேன். ஏ4 தாள்களை முந்திய இரவே அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, கத்தரிக்கோலால் வெட்டி வைத்திருந்தேன். எல்லாருக்கும் நாய் வந்துவிட்டது. ஒரு மாணவரின் நாய்க்கு மட்டும் ஒரு காது கூராக இருந்தது. மறு காது நுனி வெட்டுப்பட்டதுபோல் மொட்டையாக நின்றது.

"கவனமா மடிப்பா" என்றேன். பிரித்து மறுபடி மடித்தார். அதே மொட்டைக் காது. மூன்றாம் முறையும் அப்படியே. "சார், நான் சரியாத்தான் மடிக்கிறேன்" என்றார், கொஞ்சம் கோபமாகவே. தாளை வாங்கி அளந்து பார்த்தேன். ஒரு பக்கம் 21 செ.மீ., அடுத்த பக்கம் 20.6 செ.மீ. அது சதுரமே இல்லை. வெட்டியவன் நான். எல்லாருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்டேன்.

வெறும் 4 மி.மீ. எப்படி ஒரு காதைக் கெடுக்கும்? சதுரத்தைக் குறுக்காக மடித்தால், மடிப்புக் கோடு ஒரு மூலையில் தொடங்கி நேர் எதிர் மூலையில் முடியும். இரு முனைகளும் கூராக இருக்கும். அவைதான் நாயின் காதுகள். பக்கங்கள் சமமாக இல்லாவிட்டால், மூலையில் தொடங்கும் கோடு எதிர் மூலையைத் தவறவிட்டு, பக்கத்து விளிம்பில் போய் இடிக்கும். அந்த முனையில் 4 மி.மீ. அகலத்துக்கு ஒரு பட்டை எஞ்சி நிற்கும். மொட்டைக் காது அதுதான். அந்த மாணவர் எத்தனை தடவை மடித்திருந்தாலும் அது போயிருக்காது.

இனி அளவுகோலை ஓரமாக வையுங்கள். ஏ4 தாளின் குட்டைப் பக்கத்தை நீளப் பக்கத்தின் மேல் சரியாகப் படியும்படி மடியுங்கள். மூலையிலுள்ள 90 பாகைக் கோணம் இரண்டு 45 பாகைகளாகப் பிரிகிறது. ஒரு கோணம் 90, இன்னொன்று 45 என்றால் முக்கோணத்தின் மூன்றாவது கோணமும் 45தான். ஆகவே இரு பக்கங்களும் சமம். மிஞ்சும் பட்டையை மடித்து, நகத்தால் அழுத்திக் கிழித்துவிட்டால் கையில் இருப்பது சதுரம்.

இப்படி மடிப்பையே கருவியாக்கி வடிவியல் கற்பிக்கலாம் என்று ஒரு முழு நூலே எழுதியவர் சுந்தர ராவ். சென்னை மாகாணத்தில் அரசு அதிகாரியாக இருந்தவர். அவருடைய ஆங்கில நூல் 1893-இல் சென்னையில் வெளிவந்தது. பாலர் பள்ளித் தாள் மடிப்பிலிருந்து பிறந்த யோசனை அது. ஒழுங்கற்ற ஒரு தாள் துண்டிலிருந்து சதுரம் பெறுவதில் தொடங்கி, ஐங்கோணம், அறுகோணம் என்று மேலே போகிறது அந்நூல். அவர் கேட்ட கருவிகள் ஒரு பேனாக்கத்தியும் சில தாள் துண்டுகளும் மட்டுமே. ஜெர்மன் கணித அறிஞர் ஃபீலிக்ஸ் கிளைன் தம் நூலில் இதைக் குறிப்பிட்டார். அதைக் கண்ட அமெரிக்கப் பேராசிரியர்கள் இருவர், 1901-இல் சிகாகோவில் இதைத் திருத்தி மறுபதிப்பாகக் கொண்டுவந்தார்கள்.

அவருக்கும் ஒரு மொட்டைக் காது உண்டு. ஓர் எண்ணின் கனமூலத்தை மடிப்பால் துல்லியமாகப் பெற முடியாது என்ற கருத்தே அவர் நூலில் இருந்தது. 1936-இல் இத்தாலியக் கணித அறிஞர் மார்கெரிட்டா பெலோக், இரண்டு புள்ளிகளை ஒரே மடிப்பில் இரண்டு கோடுகளின் மேல் விழச் செய்தால் அது முடியும் என்று காட்டினார். கவராயத்தாலும் அளவுகளற்ற வரைகோலாலும் செய்ய முடியாத வேலையைத் தாள் செய்துவிட்டது!

சரி, நாய்க்கு வருவோம். சதுரத்தை ஒரு மூலை மேலேயும் ஒரு மூலை கீழேயும் இருக்குமாறு வையுங்கள். மேல் மூலையைக் கீழ் மூலையோடு சேர்த்து மடியுங்கள். கூர் கீழே பார்த்த முக்கோணம் வரும். அதன் மேல் விளிம்பை இன்னொரு முழு ஏ4 தாளின் நீளப் பக்கத்தோடு வைத்துப் பாருங்கள். அச்சாகப் பொருந்தும். பித்தாகரஸ் தேற்றத்தைப் போட்டுப் பார்த்தால் காரணம் தெரியும்: பக்கம் 21 செ.மீ. என்றால் மூலைவிட்டம் 29.7 செ.மீ.; ஏ4 தாளின் நீளமும் அதுவே. பொருந்தவில்லையா? சதுரத்தைத் திரும்பச் செய்யுங்கள்.

அடுத்து, முக்கோணத்தை இடம் வலமாகப் பாதியாக மடித்துப் பிரியுங்கள். நடுக்கோடு கிடைக்கும். ஒரு பக்கக் கூர்முனையைச் சாய்வாகக் கீழே மடியுங்கள். அது முதல் காது. இரண்டாவது காதைக் கண்ணளவில் மடிக்காதீர்கள். நடுக்கோட்டில் மீண்டும் பாதியாக மடித்து, முதல் காதின் மேல் பொருந்துமாறு இதை மடியுங்கள். கடைசியாக, கீழ்க் கூரின் முன் அடுக்கைக் கொஞ்சம் மேலே மடித்தால் மூக்கு. பின் அடுக்கைப் பின்புறமாக மடித்துவிடுங்கள். கண்களை வரைந்தால் ஏறக்குறைய குரைக்கும்.

ஒரு கேள்வி: மடித்த காது ஏன் திரும்ப நிமிர்வதில்லை? தோட்டத்தில் வளர்ந்த உங்கள் தாத்தா பாட்டியிடம் ரப்பர் ஷீட் பற்றிக் கேளுங்கள். மடித்துவிட்டுக் கையை எடுத்தால் அது பழையபடி விரிந்துகொள்ளும். ரப்பரின் நீண்ட மூலக்கூறுகள் இழுபட்டாலும் பழைய நிலைக்குத் திரும்புகின்றன, அதுதான் மீள்தன்மை. தாள் அப்படியல்ல. அது ஒன்றோடொன்று பிணைந்த செல்லுலோஸ் இழைகளால் ஆனது. மடிக்கும்போது வெளிப்புற இழைகள் இழுபடுகின்றன, உட்புற இழைகள் நசுங்குகின்றன. சில பிணைப்புகள் அறுந்தும் போகின்றன. மடிப்பைப் பிரித்தாலும் தழும்பு இருக்கும். ரப்பர் ஷீட்டில் நாய் செய்ய முடியாது. செய்தால் காது நிற்காது.

ஈரம் பட்டால் இழைகளின் பிணைப்பு தளர்ந்து தாள் இளகும். நமக்கு மழைக்காலத் தொல்லை. ஜப்பானியக் கலைஞர் அகிரா யோஷிசாவாவோ தடித்த தாளை வேண்டுமென்றே லேசாக நனைத்து மடித்தார். காய்ந்ததும் அதன் வளைவுகள் அப்படியே நின்றன.

கிழித்த பட்டையை எறிந்துவிடாதீர்கள். அது 21 செ.மீ. நீளமும் 8.7 செ.மீ. அகலமும் உள்ளது. முன்பு செய்ததுபோலவே மடித்தால் அதில் இரண்டு சின்னச் சதுரங்கள் கிடைக்கும், இரண்டு குட்டிகள். அதற்குப் பிறகும் 3.6 செ.மீ. மிஞ்சும். அதில் என் மாணவர் தம் நாய்க்கு நாக்கு வெட்டி ஒட்டியிருக்கிறார்.