உறைந்த ஆப்பிளில் கை வைக்காதே!

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம், யாகிமா பள்ளத்தாக்கு. காலா, ஹனிகிரிஸ்ப் ஆப்பிள் ரகங்கள் எல்லாம் எப்போதோ குளிர்பதனக் கிடங்குக்குப் போயிருக்கும். அக்டோபர் கடைசியிலும் மரத்தில் நிற்பவை ஃபூஜியும் பிங்க் லேடியும்தான். இரவுக் குளிர் இவற்றுக்கு வேண்டும்; அப்போதுதான் தோலில் சிவப்பு ஏறும். ஆனால் வெப்பநிலை மைனஸ் 2 டிகிரி செல்சியஸைத் தொட்டால், தோட்ட வேலை பார்க்கிற எங்களுக்குத் தூக்கம் போய்விடும்.

தண்ணீர் பூஜ்யத்தில் உறையும். ஆப்பிள் சாற்றில் சர்க்கரை இருப்பதால் பழம் இன்னும் 2 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். அதற்கும் கீழே போனால், செல்களுக்கு இடையே உள்ள ஈரம் முதலில் பனிக்கட்டியாகி, செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கும். குளிர் லேசாக வந்து போனால் பிழைப்பு உண்டு. பனி மெல்ல உருக, செல்கள் அந்த நீரைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். கடுங்குளிர் மணிக்கணக்கில் நீடித்தால் சவ்வு கிழிந்துவிடும். உருகியதும் சதை பழுப்பாகிக் கொழகொழத்துப் போகும்.

அதனால்தான் அப்படிப்பட்ட காலையில் யாரையும் பழத்தில் கைவைக்க விடுவதில்லை. உறைந்த பழத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் போதும், அந்த இடம் கன்றிப்போகும். அவசரக்காரன் கை, குளிரை விட அதிகம் கெடுக்கும் என்பது என் கட்சி. நடுப்பகுதி வரை உருகட்டும் என்று மதியம்வரை காத்திருப்போம். குளிர்காற்று கனமானது, தாழ்வில் தேங்கும். ஆகவே பள்ளமான வரிசைகளில், கீழ்க்கிளைப் பழங்களை முதலில் நறுக்கிப் பார்ப்போம். சதை நீர் கோத்துக் கண்ணாடிபோல் தெரிந்தால் சந்தேகம்தான். ஃபூஜியில் இன்னொரு குழப்பம்: நன்றாகப் பழுத்த பழத்தின் நடுவிலும், குளிரே படாமல், இதே கண்ணாடித்தன்மை வரும். அது கெடுதல் இல்லை, சாப்பிட இனிப்பாகவே இருக்கும். எனவே ஓரிரு நாள் விட்டு மறுபடி நறுக்கினால்தான் உண்மை தெரியும்.

தப்பிய பழமும் நீண்டகாலச் சேமிப்புக்கு ஆகாது; சீக்கிரம் விற்றுவிட வேண்டும். தேறாதது சாறு ஆலைக்கு. கனடாவின் கியூபெக்கில் உறைபனியையே தொழிலாக்கிவிட்டார்கள். 1990 வாக்கில் கிறிஸ்தியான் பார்தொமெஃப் தொடங்கிவைத்த 'ஐஸ் சைடர்' என்னும் ஆப்பிள் மதுதான் அது. உறைந்த ஆப்பிளைப் பிழிந்தால் நீர் பனியாகத் தங்கிவிடும், அடர்ந்த இனிப்புச் சாறு மட்டும் வடியும்.

உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் ஆப்பிள் உறைந்துபோனாலும் இதே வைத்தியம்தான்: தொடாமல் உருகவிடுங்கள், பிறகு சீக்கிரம் சாப்பிட்டுவிடுங்கள்.