52 மூட்டை நெல் விலையில் சிங்கப்பூர்! தனி ஆளாகப் போய் வர இதோ கணக்கு: "ஓசி டிக்கெட்" ஆசாமிகளிடம் உஷார்!

தஞ்சாவூர்:

சிங்கப்பூருக்கு நாலு நாள் சுற்றிப் பார்க்கப் போய் வர எவ்வளவு ஆகும்?

டாலரில் சொன்னால் தலை சுற்றும். நெல் கணக்கில் சொன்னால் நம் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும். 52 மூட்டை!

2025-26 பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்குத் தமிழக அரசு தந்த விலை குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். நேரடி கொள்முதல் நிலையத்தில் பிடிப்பது 40 கிலோ மூட்டை. ஆக, ஒரு மூட்டை ஆயிரம் ரூபாய். நன்றாக விளைந்த ஒரு ஏக்கர் வயலின் நெல், நாலு நாள் சிங்கப்பூர் பயணத்துக்குச் சரியாகப் போகும்.

சின்னத் தொகை அல்ல. அதனால்தான் "அவ்வளவு செலவு எதுக்கு? ஓசியிலேயே போய் வரலாம்" என்று ஒரு ஆசாமி வந்து தோளில் கை போட்டால் பலர் மயங்கிவிடுகிறார்கள். அந்த ஆசாமியைப் பற்றிப் பிறகு பார்ப்போம். முதலில் நேர்வழிக் கணக்கு.

கப்பல் போய் விமானம் வந்தது

சிங்கப்பூர் நமக்குப் புது ஊர் அல்ல. தாத்தா காலத்தில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினால் பினாங்கு வழியாக சிங்கப்பூரில் இறங்கலாம். "ரஜூலா" கப்பலை இன்றும் பெரியவர்கள் மறக்கவில்லை. பிறகு "சிதம்பரம்" கப்பல் ஓடியது. 1980-களில் அதில் தீ விபத்து நடந்தது. அதோடு அந்தக் கப்பல் பயணம் முடிந்து போனது.

திருவாரூர் மாவட்டத்துக் கூத்தாநல்லூருக்கு "சின்ன சிங்கப்பூர்" என்றே பெயர். மன்னார்குடி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கம் தெருவுக்கு ஒரு சிங்கப்பூர்க்காரராவது இருப்பார்.

ஆனால் அவர்கள் எல்லாம் சம்பாதிக்கப் போனவர்கள். பார்த்துவிட்டு வருவதற்காகவே போகிறவருக்குக் கணக்கு வேறு. சம்பாதிக்கப் போகிறவர் கடனை அங்கே உழைத்து அடைக்கலாம். சுற்றிப் பார்க்கப் போகிறவர் ஒவ்வொரு காசையும் இங்கிருந்தே கொண்டு போக வேண்டும்.

52 மூட்டை எங்கே போகிறது?

சிங்கப்பூர் டாலரின் விலை தினம் மாறும். நம் கணக்குக்கு ஒரு டாலர் 70 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்று ராத்திரி, நாலு பகல், ஒரே ஆள்.

பாஸ்போர்ட் (புதிதாக எடுப்பவருக்கு): 1,500
விமானம் போக வர: 20,000
விசாவும் ஏஜெண்டு கூலியும்: 3,000
மூன்று ராத்திரி படுக்கை, ராத்திரிக்கு 40 டாலர்: 8,400
சாப்பாடு, நாளைக்கு 20 டாலர்: 5,600
ரயில், பஸ், நாளைக்கு 6 டாலர்: 1,680
காசு கொடுத்துப் பார்க்க ஒரே ஒரு இடம், 40 டாலர்: 2,800
போன் சிம், 15 டாலர்: 1,050
தஞ்சை - திருச்சி போக வர: 400
பயணக் காப்பீடு: 1,000
ஆபத்துக்கு மடியில் 100 டாலர்: 7,000

மொத்தம் 52,430 ரூபாய். மடியில் வைத்த 100 டாலரைத் தொடாமல் வந்தால் ஏழு மூட்டை மிச்சம்!

இதில் விமானம்தான் பெரிய தலை. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேர் விமானம் இருக்கிறது. நாலு மணி நேரப் பறப்பு. சென்னைக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. தஞ்சையிலிருந்து பஸ்ஸில் போகிறவர் திருச்சி டி.வி.எஸ். டோல்கேட்டில் இறங்கினால் அங்கிருந்து புதுக்கோட்டை சாலையில் விமான நிலையம்.

தீபாவளி, பொங்கல், பள்ளிக்கூட லீவு நாட்களில் டிக்கெட் விலை எகிறும். செப்டம்பர், அக்டோபர் வாக்கில் சிங்கப்பூரில் ராத்திரி கார் பந்தயம் நடக்கும். 2008-ல் தொடங்கியது. அந்த வாரம் ஓட்டல் வாடகை விஷம்! அந்த நாட்களைத் தள்ளி வைத்தால் பாதிக் காரியம் முடிந்தது.

இன்னொன்று. மலிவு டிக்கெட் என்றால் பெரும்பாலும் கைப்பை மட்டும்தான் அடக்கம். பெட்டிக்குத் தனிக் காசு. நாலு நாளுக்கு நாலு சட்டை போதும். முறுக்கு, ஊறுகாய் என்று பெட்டி கட்டினால் மூட்டைக் கணக்கு ஏறும்.

விசா: 30 டாலர்தான்

இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா கட்டாயம். சிங்கப்பூர் அரசு வாங்கும் கட்டணம் 30 டாலர். விசா கிடைக்காவிட்டாலும் இந்தக் காசு திரும்ப வராது. நம் நாட்டில் சிங்கப்பூர் தூதரகம் அங்கீகரித்த ஏஜெண்டுகள் மூலம் மனு போடலாம். ஏஜெண்டு தன் கூலியை மேலே போட்டுக்கொள்வார். அங்கீகாரம் பெற்றவரா என்று தூதரகப் பட்டியலில் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். இரண்டு, மூன்று இடத்தில் கூலியைக் கேட்டுப் பார்ப்பதில் வெட்கம் வேண்டாம்.

பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதக் காலம் பாக்கி இருக்க வேண்டும். பாஸ்போர்ட் இல்லாதவருக்குத் தஞ்சாவூரிலேயே சேவை மையம் உண்டு.

புறப்படுவதற்கு முன் "எஸ்.ஜி. வருகை அட்டை" என்று ஒன்றை இணையத்தில் நிரப்ப வேண்டும். சிங்கப்பூரில் இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்பலாம். இதற்குக் காலணா கட்டணம் கிடையாது! இதற்கும் காசு கேட்டால், அது அரசாங்க இணையதளம் அல்ல என்று தெரிந்துகொள்ளுங்கள்.

தனி ஆளுக்கு அறை வேண்டாம்

ஓட்டல் அறைக்கு ஒருவர் தங்கினாலும் இரண்டு பேர் தங்கினாலும் பெரும்பாலும் ஒரே வாடகை. தனி ஆள் இங்கேதான் அடிபடுவார். ஆகவே அறை வேண்டாம், படுக்கை போதும். லிட்டில் இந்தியா வட்டாரத்தில் ஒரு அறையில் அடுக்குக் கட்டில் போட்டு, ஆளுக்கு ஒரு படுக்கை தரும் விடுதிகள் இருக்கின்றன. பெண்களுக்குத் தனி அறை உள்ள விடுதிகளும் உண்டு. முன்கூட்டியே பதிவு செய்து ரசீதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். குடியேற்ற அதிகாரி "எங்கே தங்குகிறாய்? எப்போது திரும்புகிறாய்?" என்று கேட்டால் காட்ட வேண்டும்.

"நம்ம ஊர்ப் பையன் பிளாட்டில் கட்டில் இருக்கு, பாதி வாடகைக்குத் தருகிறான்" என்று யாராவது சொல்வார்கள். அரசு அடுக்குமாடி வீடுகளைச் சுற்றுலா ஆட்களுக்கு நாள் வாடகைக்கு விடுவது அங்கே சட்டப்படி குற்றம். சொந்தக்காரர் வீட்டில் விருந்தாளியாகத் தங்குவது வேறு. காசு கொடுத்துக் கள்ளத்தனமாகத் தங்குவது வேறு.

சாப்பாட்டுக்குப் பயமே வேண்டாம். "ஹாக்கர் சென்டர்" என்று அரசு கட்டிய உணவுக் கூடங்கள் ஊர் முழுக்க உண்டு. லிட்டில் இந்தியாவில் தேக்கா மார்க்கெட்டில் தோசை, பிரியாணி எல்லாம் கிடைக்கும். சைவம்தான் வேண்டும் என்றால் 1947-ல் தொடங்கிய கோமள விலாஸ் இருக்கிறது. குழாய்த் தண்ணீரைப் பயமில்லாமல் குடிக்கலாம். பாட்டில் காசு மிச்சம்!

காசில்லாமல் பார்க்க...

1827-ல் தொடங்கிய மாரியம்மன் கோவில். அதே வட்டாரத்தில் தெலோக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா! 1828-க்கும் 1830-க்கும் நடுவில், நம் கரையிலிருந்து போன முஸ்லிம்கள் நாகூர் ஆண்டவர் நினைவாகக் கட்டியது. இன்று அது தேசிய நினைவுச் சின்னம். கடலோரத்து மெர்லயன் சிலை, 2015-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய தாவரவியல் பூங்கா, ராத்திரி இரும்பு மரங்களில் நடக்கும் விளக்குக் காட்சி - எதற்கும் டிக்கெட் இல்லை. தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. வழி கேட்க இங்கிலீஷ் தெரியாதே என்று நடுங்க வேண்டாம்.

ஆனால் சட்டம் மட்டும் கறார்! ரயிலில் தின்றால், குடித்தால் 500 டாலர் வரை அபராதம். நம் கணக்கில் 35 மூட்டை! சிகரெட்டுக்கு வரிச்சலுகை கிடையாது; ஒரு சிகரெட் கொண்டு போனாலும் சொல்லி வரி கட்ட வேண்டும். மெல்லும் புகையிலைக்குத் தடை. வெற்றிலைப் பழக்கம் உள்ளவர்கள் புகையிலையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது. மின்சிகரெட் வைத்திருந்தாலே குற்றம். லிட்டில் இந்தியாவில் சனி, ஞாயிறு பொது இடத்தில் பாட்டிலைத் திறந்தால் வழக்கு.

ஓசி டிக்கெட்டின் விலை

இப்போது அந்த ஆசாமிக்கு வருவோம்.

டீக்கடையில் பழகுவார். "தம்பி, டிக்கெட் நம்ம செலவு, லாட்ஜ் நம்ம செலவு. நாலு நாள் சுத்திப் பாரு. வரும்போது ஒரு சின்னப் பொருளை மட்டும் கொண்டு வந்து கொடு. கைச்செலவுக்கும் தரேன்" என்பார்.

அந்தச் சின்னப் பொருள் தங்கம்! அதைக் கொண்டு வருகிறவருக்குப் போலீஸ் அகராதியில் பெயர் "குருவி".

திருச்சி விமான நிலையத்தில் சுங்க அதிகாரிகள் குருவிகளைப் பிடிப்பது வாடிக்கையான செய்தி. பசையாக்கி உடம்புக்குள் மறைத்தது, செருப்பில் வைத்தது, மின்சாதனத்துக்குள் உருக்கி ஊற்றியது என்று எத்தனையோ தினுசு பார்த்தவர்கள் அவர்கள். அவர்கள் கண்ணில் மண்ணைத் தூவலாம் என்று நினைப்பது வீண் கனவு. 1962-ம் ஆண்டுச் சுங்கச் சட்டப்படி தங்கம் பறிமுதல். பெரிய அளவு என்றால் ஏழு ஆண்டு வரை கம்பி எண்ண வேண்டும்.

தங்கம் பிடிபட்டால் ஆசாமி கம்பி நீட்டி விடுவார். இல்லாவிட்டால் "என் சரக்கு எங்கே?" என்று அடியாட்களோடு வீட்டு வாசலுக்கு வருவார். குருவியைக் கடத்தி வைத்து உதைத்த வழக்குகளும் தமிழ்நாட்டில் பதிவாகி இருக்கின்றன.

"நகைக்குச் சலுகை உண்டாமே?" என்று சிலர் கேட்பார்கள். உண்டு. ஆணுக்கு 20 கிராம், பெண்ணுக்கு 40 கிராம். ஆனால் ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்புகிறவருக்குத்தான் அது. நாலு நாள் பயணிக்கு அந்தச் சலுகை இல்லை. சொந்த நகை நிறையப் போட்டுக்கொண்டு போகிறவர் புறப்படும்போதே சுங்க அதிகாரியிடம் காட்டிச் சான்று வாங்கிக்கொள்வது நல்லது.

போகும்போதும் இதே எச்சரிக்கைதான். "அங்கே அண்ணன் வந்து வாங்கிக்குவார்" என்று யார் பார்சல் கொடுத்தாலும் தொடாதீர்கள். சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் ஹெராயின், 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் தூக்கு. 42.72 கிராம் ஹெராயின் கொண்டு போன மலேசியத் தமிழர் ஒருவர் 2022 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார். உலகம் முழுவதும் இருந்து கருணை கேட்டார்கள். பலிக்கவில்லை.

"போய் இறங்கு, வேலை போட்டுத் தரேன்!"

மூன்றாவது வகை ஏஜெண்டு இன்னும் கெட்டிக்காரர். சுற்றுலா விசாவை எடுத்துக் கொடுத்து, "போய் இறங்கு, வேலை அனுமதி அங்கே மாற்றித் தரேன்" என்று லட்சக்கணக்கில் கறப்பார். ஆள் அங்கே போய் இறங்கியதும் இவர் போனை எடுக்க மாட்டார். வயலை அடகு வைத்துக் காசு கொடுத்த குடும்பம் அம்போ!

சுற்றுலா விசாவில் ஒரு மணி நேரம் கூலி வேலை செய்தாலும் குற்றம். தவணை முடிந்து 90 நாளுக்கு மேல் ஒளிந்து தங்கினால் சிறை, அதோடு குறைந்தது மூன்று பிரம்படி.

உண்மையான வேலை என்றால் முதலாளி அங்கிருந்தே மனு போட்டு, முன் அனுமதிக் கடிதம் இங்கே உங்கள் கைக்கு வந்த பிறகுதான் விமானம் ஏற வேண்டும். 1983-ம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்டு மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய கூலி 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். லட்சம் கேட்டால் ரசீது கேளுங்கள். ரசீது தர மறுத்தால் போலீசுக்குப் போங்கள்.

புறப்படும் முன்...

பாஸ்போர்ட், விசா, டிக்கெட் நகல் ஒரு செட் வீட்டில் இருக்கட்டும். தங்கும் இடத்தின் முகவரியை வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். சிங்கப்பூர் கிரேஞ்ச் ரோட்டில் இந்தியத் தூதரகம் இருக்கிறது. பாஸ்போர்ட் தொலைந்தால் உடனே அங்கே போக வேண்டும். உங்கள் பெட்டியை நீங்களே கட்டுங்கள், நீங்களே பூட்டுங்கள்.

கையில் 52 மூட்டை விலை சேரவில்லையா? அடுத்த அறுவடை வரை பொறுக்கலாம். சிங்கப்பூர் எங்கேயும் ஓடிப் போகாது.