இரவு இரண்டு மணிக்கு யார் பொறுப்பு?



"எங்கள் சபையார் ஒரு முதியோர் இல்லத்துக்கு உதவ விரும்புகிறார்கள். அது நல்ல இல்லம்தானா என்று எப்படி அறிந்துகொள்வது?" என்று உங்களில் பலர் எங்களைக் கேட்கிறீர்கள். பெரும்பாலும் போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகே கேட்கிறீர்கள். கட்டடம் சுத்தமாயிருந்தது, மின்விசிறிகள் ஓடின, பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்து பாட்டுப் பாடினார்கள், சாப்பாடும் ருசியாயிருந்தது என்கிறீர்கள். இவையெல்லாம் நல்லவைதான். ஆனால் இவை அந்த இல்லத்தின் பகல் முகம். அதிலும் விருந்தாளிகள் வருவதாகச் சொல்லியனுப்பிய ஒரு பகலின் முகம்.

சில வருஷங்களுக்கு முன்பு, எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டியம்மாளை ஓர் இல்லத்திலிருந்து நம் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப்புண். எலும்பு தெரியுமளவு ஆழம். கூட வந்த வார்டன் அம்மாள் அழுதுகொண்டிருந்தார்கள். "ஐயா, என் தாயைப் போலத்தான் பார்த்தேன். பகலெல்லாம் நானே திருப்பிப் படுக்கவைப்பேன்" என்றார்கள். அது பொய்யல்ல. "இரவில்?" என்று கேட்டோம். "இரவில் ஆயா இருப்பாள்" என்றார்கள். அந்த ஆயாவுக்கு யாராவது சொல்லிக்கொடுத்தார்களா, அவள் செய்தாளா என்று யாராவது பார்த்தார்களா என்று கேட்டபோது பதில் இல்லை. முப்பது பேருக்கு இரவில் அவள் ஒருத்தியே. பகலில் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறவளும் அவளே. மூன்று வாரத்தில் பாட்டியம்மாள் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள்.

தானாகப் புரண்டு படுக்க முடியாத ஒருவருக்குப் படுக்கைப்புண் எப்படி வருகிறது என்று நம் நர்சுகள் விளக்குவதுண்டு. உடலின் பாரம் ஒரே இடத்தில் அழுந்தும்போது அங்கே இரத்த ஓட்டம் தடைப்படுகிறது. சில மணி நேரத்திலேயே தசை கெடத் தொடங்கிவிடும். ஆகையால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும் என்று கற்றுக்கொடுக்கிறார்கள். தண்ணீர் மெத்தை, காற்று மெத்தை உதவும். ஆனால் திருப்புகிற கைக்கு அவை ஈடாகா. பகலில் ஆறு முறை திருப்பிவிட்டு, இரவு ஒன்பது மணி முதல் காலை ஆறு மணி வரை அப்படியே விட்டுவிட்டால், பகலின் உழைப்பு வீணாகிறது. அந்த வார்டன் அம்மாளிடம் அன்பு குறைவில்லை. தாம் கண் அயர்ந்த பிறகும் அந்த அன்பு வேலைசெய்யும்படி ஓர் ஏற்பாடு மட்டுமே இல்லை.

நர்சிங் பணிக்கு வழிகாட்டியான பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859இல் எழுதிய நர்சிங் குறிப்புகள் என்ற நூலில், சிறுசிறு நிர்வாகக் காரியங்களுக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கினார்கள். நாம் இருக்கும்போது நடப்பது, நாம் இல்லாதபோதும் நடக்கும்படி செய்வதே நிர்வாகம் என்பது அதன் சாரம். தாமே எல்லாவற்றையும் ஓடியோடிச் செய்கிறவர் நல்ல ஊழியர். தாம் இல்லாதபோதும் அது நடக்கச் செய்கிறவரே நல்ல தலைவர். இதற்கு மூன்று காரியங்கள் வேண்டும் என்று நாங்கள் கண்டிருக்கிறோம்.

முதலாவது, ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பெயர் சொல்லக்கூடிய ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். "யாராவது பார்த்துக்கொள்வார்கள்" என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள். இரவு இரண்டு மணிக்கு மூச்சுத் திணறினால் யாரை எழுப்ப வேண்டும், வாகனம் எது, வாசல் சாவி எங்கே என்பது புதிதாக வந்த ஆயாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, எழுதிவைக்க வேண்டும். சர்க்கரை வியாதிக்காரருக்கு இன்சுலின் போட்டாயிற்றா, அதன்பின் சாப்பிட்டாரா? போடாவிட்டாலும் ஆபத்து, தெரியாமல் இரண்டு முறை போட்டுவிட்டாலும் ஆபத்து. வயதானவர்களுக்குத் தாகம் குறைவாகவே தெரியும். இரவில் எழுந்து போகவேண்டுமே என்று பயந்து தண்ணீர் குடியாமல் இருப்பவர்களும் உண்டு. யார் எவ்வளவு குடித்தார், யார் தடுக்கி விழுந்தார், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்று குறித்தால்தான் காரணம் தெரியும். ஒரே நடையில் மூன்று பேர் விழுந்தால், கோளாறு அவர்கள் காலிலா, அங்கே விளக்கு இல்லாததிலா?

மூன்றாவது, கெட்ட செய்தியைச் சொல்ல வருகிறவருக்குப் பயம் இருக்கக்கூடாது. "தவறி மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டேன் அம்மா" என்று ஓடிவந்து சொல்லும் ஆயாவைத் திட்டி அனுப்பினால், அடுத்த முறை அவள் சொல்லமாட்டாள். முதியவர்களும் அப்படியே. போக வேறிடம் இல்லாதவர் குறை சொல்லத் துணியமாட்டார். குறையே எழுதப்படாத குறைப்புத்தகம் நல்ல இல்லத்துக்கு அடையாளமல்ல.

இந்த ஏற்பாடுகள் இல்லாத இடத்தில் என்ன நேரிடும் என்பதை நம் நாடு கண்டிருக்கிறது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் தேதி அதிகாலையில், ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஓர் இல்லத்தில் தீப்பிடித்தது. கூரைக் கொட்டகை, அவர்களோ சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் மாண்டார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே அதை வழக்காக எடுத்துக்கொண்டது. மனநோயாளி எவரையும் எவ்விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. இனிச் சங்கிலி இல்லை என்று நாம் ஆறுதல் அடைந்துவிடக்கூடாது. வெளிப்பக்கம் பூட்டிய கதவு, கட்டில் கம்பியோடு கையைக் கட்டிய பழைய சேலைத்துண்டு, வைத்தியர் எழுதாத தூக்க மாத்திரை: விழித்திருந்து பார்க்க ஆள் இல்லாத இல்லத்தில் இவையே ஆளின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்களுக்கான 2007ஆம் ஆண்டின் சட்டம், ஏழை முதியோருக்கு மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது, 150 பேருக்குக் குறையாமல் இடமுள்ளதாக, அரசு அமைக்க வழி செய்கிறது. அந்த இல்லங்களின் நிர்வாகத்துக்குத் தரங்களை வகுக்கவும் அதில் இடமுண்டு. இங்கிலாந்தில் இதற்கென்று இருக்கும் ஆணையம் ஒவ்வொரு பராமரிப்பு இல்லத்திலும் ஐந்து கேள்விகள் கேட்கிறது. பாதுகாப்பானதா, பலன் தருகிறதா, பரிவுள்ளதா, அவரவர் தேவைக்கு ஏற்றதா, நல்ல தலைமை உடையதா? ஆய்வின் மதிப்பீட்டை வருகிறவர்கள் கண்ணில் படும்படி இல்லத்தில் வைக்கவும் வேண்டும். ஐந்தாவது கேள்வி தடுமாறினால் மற்ற நான்கும் நெடுநாள் நிற்கா என்பது எங்கள் அனுபவம்.

பிரியமானவர்களே, இங்கே எங்களுடைய குறையையும் அறிக்கையிட வேண்டும். கட்டடத்துக்குக் கேட்டால் காணிக்கை வருகிறது. கல்லில் பெயர் பொறிக்கலாம். இரவு ஆயாவின் சம்பளத்துக்குக் கேட்டால் வருவதில்லை. அதை அறிந்து நாங்களும் நம் மடல்களில் கட்டடங்களையே அதிகமாகக் கேட்டோம். அந்தப் பாட்டியம்மாள் இருந்த இல்லத்தில் தரை பளபளவென்று இருந்தது. சுவரில் கொடையாளிகளின் பெயர்ப்பலகையும் இருந்தது. இரண்டாவது இரவு ஆயா மட்டும் இல்லை.

ஆகையால் அடுத்த முறை ஓர் இல்லத்துக்குப் போகும்போது, கூடுமானால் மாலை ஜெப நேரத்துக்குப் பிறகு போங்கள். நிர்வாகியிடம் அன்பாகவே இவற்றைக் கேளுங்கள்: இரவில் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள்? அவர்களுக்குச் சம்பளம் என்ன, வார விடுமுறை உண்டா? கடைசியாக விழுந்தவர் யார், அதற்குப்பின் எதை மாற்றினீர்கள்? படுக்கையிலிருப்பவரைத் திருப்பிய குறிப்பு எங்கே? நீங்கள் ஒரு வாரம் ஊருக்குப் போனால் பொறுப்பு யாருடையது? நல்ல நிர்வாகி இக்கேள்விகளால் வருத்தப்படமாட்டார். இவ்வளவு நாள் யாரும் கேட்கவில்லையே என்றுதான் சொல்வார்.

அப்படிப்பட்ட ஒருவரை நாங்கள் அறிவோம். பழைய ஓட்டு வீட்டில் இருபது பேரை வைத்துப் பராமரிக்கும் மேட்ரன் அம்மாள் அவர்கள். வாரத்தில் ஓர் இரவு, எந்த இரவு என்று யாருக்கும் சொல்லாமல், இரண்டு மணிக்கு எழுந்து கட்டில் கட்டிலாகச் சுற்றி வருவார்கள். குற்றம் பிடிக்கவா என்று கேட்டோம். "இல்லை ஐயா, அந்தப் பிள்ளைகள் தனியாக விழித்திருக்கிறார்களே, ஒரு காப்பி போட்டுக் கொடுக்கலாம் என்றுதான்" என்றார்கள். காப்பி கொடுத்துவிட்டு நோட்டையும் புரட்டிப் பார்ப்பார்கள். அங்கே படுக்கைப்புண்ணோடு ஒருவரையும் நாங்கள் கண்டதில்லை.

உங்கள் காணிக்கை ஓர் இரவு ஆயாவின் சம்பளமாகவோ, அவளுக்கு ஒரு மாதப் பயிற்சியாகவோ, நடையில் எரியும் ஒரு விளக்காகவோ இருக்கட்டும். அதில் பெயர் பொறிக்க இடமிராது. ஆனாலும் அதுவே நல்ல உக்கிராணத்துவம் என்று நம்புகிறோம்.